நீங்கள் பார்க்காதபோது

திருவனந்தபுரம்
5.2.1996

அன்புள்ள மாமாவுக்குக் கோமளா எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தோம் என்று எழுதப் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சுகம் இருந்தால் கோயமுத்தூரையும் கணபதியையும் விட்டு இவ்வளவு தூரம் எதற்கு வருகிறேன்? சரி, வந்து சேர்ந்தோம். ரயிலில் செங்கோடன் என் முந்தானையைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே தூங்கினான். நீங்கள் சொல்லி அனுப்பியதாம். என் கூடப் பிறந்தவன்தான், ஆனால் பேச்சுக் கேட்பதெல்லாம் உங்களிடம்தான்.

போனில் பேசலாமே என்பீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது, என்னைத்தான் அறையை விட்டு விடமாட்டார்கள். செங்கோடன் போய்ப் பேசினால் "எல்லாம் நல்லா இருக்குதுங்க மச்சான்" என்பதோடு முடித்துவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன்.

தலை முழுக்கப் பசை போட்டு ஒயர் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் உங்கள் பட்டறைக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட வந்த மோட்டார் என்றே நினைப்பீர்கள். சுவரில் ஒரு காமிரா எந்நேரமும் என்னையே பார்க்கிறது. மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். வலிப்பு வந்தால்தான் அது மூளையில் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று மிஷினில் தெரியுமாம். அது தெரிந்த பிறகுதான் ஆபரேஷன் செய்யலாமா, மாத்திரையோடு விட்டுவிடலாமா என்று சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வரக்கூடாது, வரக்கூடாது என்று எட்டு வருசமாக நீங்கள் வேண்டாத சாமியில்லை. இங்கே டாக்டரம்மா, சிஸ்டர், செங்கோடன் எல்லோரும் எப்போது வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவோ, பெண் பார்க்க ஆள் வந்ததும் அடுப்படிக்குள் ஓடி ஒளியும் பெண்ணைப் போல வரமாட்டேன் என்கிறது. வீட்டில் கூப்பிடாமலே வந்து நிற்குமே, அந்தச் சனியனுக்கு இங்கே வெட்கம் வந்துவிட்டது.

கோடை வரப்போகிறது, தோட்டத்து மோட்டார்கள் எரிந்து எரிந்து வரும், நம் ப்ரியாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நீங்கள் வர முடியாது. எல்லாம் பேசித்தான் கிளம்பினேன். ஆனாலும் டாக்டரம்மா ஏதாவது கேட்டால் பதிலுக்கு உங்களைத் தேடி இடது பக்கம் திரும்பிவிடுகிறேன். அங்கே செங்கோடன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

ப்ரியாவுக்குத் தலை பின்னத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆமினா அக்காவிடம் அனுப்புங்கள். நீங்களே பின்னி எலிவால் ஆக்கிவிட வேண்டாம்.

உங்கள்
கோமளா


கணபதி
9.2.1996

அம்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. உன்னைப் போல எனக்கு வளைத்து வளைத்து எழுத வராது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி இருக்கிறதா? தண்ணீர் குடிக்கக் கண்ணாடி டம்ளர் கொடுத்தால் வாங்காதே, எவர்சில்வர் கேள். கட்டிலை விட்டு இறங்கும்போது யாரையாவது பிடித்துக்கொள். வலிப்பு வரும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் யாராவது சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கையில் திணிக்க வந்தால் செங்கோடனை விட்டு விரட்டச் சொல். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்பாய். தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

ப்ரியா நன்றாக இருக்கிறாள். நேற்று என்னோடு சண்டை. அவள் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்று "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேனாம். "ஏனுங்கப்பா, எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குக் கூப்புட்டுட்டே இருக்கறீங்க?" என்கிறாள். அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் பெயரைச் சொல்வதும், நீ உள்ளேயிருந்து "ம்" என்பதும் பழகிப்போய்விட்டது. கதவைப் பார்த்தாலே வாய் தானாகத் திறக்கிறது.

அங்கே எல்லோரும் அது வரட்டும் என்று காத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். நல்லதற்குத்தான் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் வரட்டும் என்று என்னால் ஒரு நிமிசம்கூட நினைக்க முடியவில்லை. நினைக்கப் போனால் உடனே சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சாமிக்கே குழப்பமாக இருக்கும்.

மிஷினில் பார்க்க வேண்டியதைப் பார்க்கட்டும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வா. ஆபரேஷன் பேச்சு இப்போது வேண்டாம். நாள் முழுக்க மோட்டாரைத் திறந்து கட்டுகிறவன் நான். ஒரு தடவை திறந்தது பழைய மாதிரியே வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

நஞ்சப்பன்


திருவனந்தபுரம்
14.2.1996

அன்புள்ள மாமா,

வந்துவிட்டது. ஒன்றில்லை, அடுத்தடுத்து மூன்று. சிஸ்டருக்கு அப்படி ஒரு சந்தோசம், நான் பிள்ளை பெற்ற மாதிரி எல்லோரிடமும் போய்ச் சொன்னாள். மாத்திரையை மறுபடி முழுசாகக் கொடுக்கிறார்கள், பயப்படாதீர்கள். நாக்கில் மட்டும் கொஞ்சம் காயம்.

டாக்டரம்மா அதை டி.வி.யில் போட்டுக் காட்டினார்கள். "பார்க்க இஷ்டமில்லன்னா வேண்டாம்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பார்க்கிறேன் என்றேன். பத்து வயதிலிருந்து எனக்கு இருக்கிற வியாதி, நான் ஒருத்திதான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு அது ஒரு வெட்டு, அவ்வளவுதான். அடுப்பில் பால் இருக்கும். அடுத்தது நான் தரையில் படுத்திருப்பேன், மேலே உங்கள் முகம் இருக்கும். நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால் "ஒண்ணுமில்ல அம்மணி, செத்த நேரந்தான்" என்பீர்கள்.

அந்தச் செத்த நேரத்தைப் பார்த்துவிட்டேன் மாமா. உதட்டைச் சப்புகிறேன். ஒரு கை சேலையைப் பிய்த்துப் பிய்த்து எடுக்கிறது. கண் திறந்துதான் இருக்கிறது, செங்கோடன் குனிந்து "அக்கா, அக்கா" என்று கூப்பிட, யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போலப் பார்க்கிறேன். அப்புறம் விறைத்து உதறுகிறேன். இதைப் பார்த்துவிட்டா நீங்கள் எழுந்து போய்ப் பாலை இறக்கி வைத்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தீர்கள்? எனக்கு என்னை நினைத்து அழுகை வரவில்லை. உங்களை நினைத்து அழுதேன். சிஸ்டர் பயந்துவிட்டாள்.

இப்போது முக்கியமான விசயம். இடது காதுக்கு உள்ளே, மூளையில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் எல்லாம் கிளம்புகிறது என்று தெரிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் என்னைப் போன்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் நின்றுவிடுகிறதாம். ஆனால் பேச்சும் ஞாபகமும் இருக்கிற பக்கம் அது. கொஞ்சம் மங்கலாம், மங்காமலும் போகலாம். அதற்காக இன்னும் சில பரிட்சைகள் வைக்கிறார்கள், படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது, கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது என்று. மாத்திரை மட்டும் போதுமா என்றும் கேட்டேன். இத்தனை வருசத்தில் எத்தனை மாத்திரை மாற்றினீர்கள் என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார்கள். விரல் விட்டு எண்ணினேன், ஒரு கை போதவில்லை.

எனக்கு ஆபரேஷன் வேண்டும் மாமா. நானும் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டு ஆள் ஒருவரும் போட வேண்டும். வாருங்கள்.

கோமளா


கணபதி
19.2.1996

கோமளா,

நான் வரவில்லை. கையெழுத்தும் போடமாட்டேன்.

செங்கோடன் ஆமினா அக்கா வீட்டுக்குப் போன் போட்டான். பரிட்சை எல்லாம் முடிந்ததாம். "மச்சான், அக்காளுக்கு உங்க பேரே வரலீங்களாம். டாக்டரு மூணு தடவ கேட்டாங்களாம். அந்தப் பக்கம் ஏற்கனவே வீக்கா இருக்கும்போலன்னு சொல்றாங்க" என்றான். போனை எப்படி வைத்தேன் என்று தெரியாது. ஆமினா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க தம்பி" என்றார்.

இன்னும் கத்தியே வைக்கவில்லை. இப்போதே என் பெயர் வரவில்லை என்றால், வெட்டி எடுத்த பிறகு என்ன மிஞ்சும்?

நீ டி.வி.யில் பார்த்ததை எழுதியிருந்தாய். நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விறைப்பதும் உதறுவதும் எனக்குப் பயமில்லை. அது பழகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு நிமிசம் என்னைப் பார்ப்பாயே, யாரோ போல, அதுதான் பயம். கோமளா என்பேன், நீ என் முகத்தைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பாய். ஒவ்வொரு தடவையும் நான் அந்த இடத்தில் உட்கார்ந்து நீ திரும்பி வரக் காத்திருப்பேன். நீயும் வந்துவிடுவாய். "என்னங்க, பால் பொங்கிருச்சுங்களா?" என்று கேட்பாய். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு நீ அந்தப் பார்வையோடே எழுந்து உட்கார்ந்தால், திரும்பி வராமலே போனால், நான் எங்கே போய்க் காத்திருப்பது?

வலிப்போடு இருந்துவிட்டுப் போ. எட்டு வருசம் பார்த்தவன் இன்னும் எத்தனை வருசம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பழகிவிட்டது. மாத்திரையை வாங்கிக்கொண்டு ஊருக்கு வா.

நஞ்சப்பன்


திருவனந்தபுரம்
23.2.1996

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் அழுதேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உங்கள் பெயர் எனக்கு வராமல் இல்லை. சொல்லவில்லை. டாக்டர் "கணவர் பெயர் என்ன?" என்று கேட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி கேட்டார், புடவையைத் திருகிக்கொண்டு சிரித்தேன். மூன்றாவது தடவை கேட்டார், "எனக்குத் தெரியுமுங்க" என்றேன். தெரியும் என்கிறாள், சொல்ல வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது பரிட்சை என்றே தோன்றவில்லை மாமா. ஆம்பிளைகள் நாலு பேர் நிற்கிற இடத்தில் புருசன் பெயரைக் கேட்கிறார்களே என்றுதான் இருந்தது. சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லி வளர்த்தது, தொண்டையிலேயே நிற்கிறது.

செங்கோடனை விடுங்கள், கல்யாணம் ஆகாதவன். உங்களுக்குமா தோன்றவில்லை? ஒரு தடவையாவது என் வாயால் உங்கள் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? ரேஷன் கடையில் கேட்டால்கூட ப்ரியாவைத்தானே முன்னால் தள்ளிச் சொல்ல வைப்பேன்? உங்கள் கடிதம் வந்ததும் டாக்டரம்மாவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "இனிமேல் தமிழ்நாட்டுப் பெண்களிடம் மாமியார் பெயரைக் கேட்கிறேன்" என்றார்கள். பரிட்சையை மறுபடி வைத்தார்கள். மற்றதெல்லாம் நன்றாகவே சொன்னேன்.

கோபம் எதற்கு என்றால், பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு. உங்களுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. ப்ரியாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்ததில்லை. அடுப்புப் பக்கம் தனியாக நின்றதில்லை. கடைவீதியில் என் பின்னாலேயே வருகிறீர்கள், நான் ஒரு வளையலை எடுத்துப் பார்த்தால் நீங்கள் வளையலைப் பார்ப்பதில்லை, என் கையைப் பார்க்கிறீர்கள், நடுங்குகிறதா என்று. எனக்கு நீங்கள் குறை வைத்ததே இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் நான் எப்போதோ செத்திருப்பேன். அதனால்தான் இதை உங்களிடம் சொல்லவே முடியாமல் இருந்தேன். எனக்குக் காவல்காரர் வேண்டாம், புருசன் வேண்டும்.

அழுதது எதற்கு என்றால், எங்கே போய்க் காத்திருப்பது என்று கேட்டீர்களே, அதற்கு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டரம்மாவிடமும் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு பரிட்சை இருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு, ஊசி மருந்தால் மூளையில் ஒரு பாதியைச் செத்த நேரம் தூங்க வைத்து, மற்றப் பாதியிடம் கேள்வி கேட்பார்களாம். எடுக்கப் போகிற பக்கம் இல்லாமலே என்னால் சமாளிக்க முடியுமா என்று அதில் தெரியும். முடியாது என்று தெரிந்தால் நானே மாத்திரையோடு ஊருக்கு வந்துவிடுகிறேன், ஆபரேஷன் பேச்சையே எடுக்கமாட்டேன். முடியும் என்று தெரிந்தால் நீங்கள் வர வேண்டும். செங்கோடன் கையெழுத்தே போதும் என்கிறார்கள். எனக்குப் போதாது.

கோமளா


கணபதி
1.3.1996

அம்மணிக்கு,

செங்கோடன் மறுபடி போன் போட்டான். இந்தத் தடவை அவன் கத்தியது ஆமினா அக்காவின் வாசல் வரைக்கும் கேட்டது. "பாஸுங்க மச்சான்! வலது பக்கமே நல்லா ஞாபகம் வச்சுக்குதாமுங்க. எடுத்தாலும் தாங்குமுன்னு சொல்லிப்போட்டாங்க. பேச்சு திரும்ப வந்ததும் டாக்டரு புருசன் பேரு என்னன்னு கேட்டாருங்க. நஞ்சப்பன், நஞ்சப்பன்னு ரெண்டு தடவ கத்துச்சுங்க அக்கா. வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சுங்க."

யாராவது நினைத்தால் புரையேறும் என்பார்கள். பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறாய், எனக்குத் தும்மல்கூட வரவில்லை. ஆயுசும் குறைந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு ஆசை. உன் வாயால் அதை நான் கேட்க வேண்டும். மூன்றாம் மனிதர்கள் கேட்டுவிட்டார்கள், நான் கேட்கவில்லை.

உனக்குப் பழகவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுக் காயில் சுற்ற உட்கார்ந்தேன். சுற்று எண்ணிக்கை தப்பிவிட்டது. பிரித்துத் திரும்பச் சுற்றினேன், மறுபடி தப்பியது. பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். எனக்கு உன் மேல் கோபம்தான். காவல்காரன் என்று எழுதிவிட்டாய். ஆனால் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ப்ரியாவை ஆமினா அக்காவிடம் விட்டுவிட்டு நாளை ரயில் ஏறுகிறேன். கையெழுத்துப் போட வருகிறேன் என்று நினைக்காதே. உன்னைப் பார்க்க வருகிறேன். பார்த்த பிறகு கை என்ன செய்கிறதோ செய்யட்டும்.

நஞ்சப்பன்


மேட்டுப்பாளையம்
12.5.1996

அன்புள்ள மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் ப்ரியாவையும் பார்க்க அம்மா வீட்டுக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டீர்கள். அம்மா உங்களுக்காகக் கோழி அடித்திருந்தாள். அதில் போட ஒன்று வாங்கி வரச் சொன்னாள், எனக்கு அதன் பெயர் வரவில்லை. தாளிக்கும்போது பச்சையாகக் கிள்ளிப் போடுவோமே, வாசமாக இருக்கும், இந்த ஊரில் கட்டுக் கட்டாக லாரியில் போகும், அந்த இலை. எழுதும்போதும் வரவில்லை, பாருங்கள். நீங்கள் பயந்தது கொஞ்சம் நடந்துவிட்டது. தினமும் இப்படி ஏதாவது ஒன்று ஓடிப்போகிறது, சாயங்காலம் கூப்பிடாமல் திரும்பி வருகிறது. முடி வளர வளர இதுவும் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னதை நம்புகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால் நான் சிரித்துக்கொண்டேதான் நிற்பேன்.

உங்கள் கையெழுத்தால்தான் இது. அந்த அறையில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்களே, அதை நான் மறக்கவில்லை. அது எந்த டாக்டர் வெட்டினாலும் போகாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் குழாயடிக்குப் போனால் பின்னாலேயே வந்தீர்கள். முறத்தை எடுத்தால் வாங்கினீர்கள். படியில் இறங்கினால் கையை நீட்டினீர்கள். அம்மாவுக்கு முன்னால் "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்று கத்திவிட்டேன். கத்தியது தப்பு. சொன்னது தப்பில்லை. உங்கள் முகம் வாடியதைப் பார்த்து ஓடிவந்து கூப்பிடுவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

ஒரு வாரமாக உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வந்தால் சண்டை, வராவிட்டால் ஏக்கம். என்ன பிறவியோ நான்.

கோமளா


கணபதி
19.5.1996

கோமளா,

அது கருவேப்பிலை.

எனக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ சொன்னது நியாயம். தள்ளி நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். உன் வீட்டு வாசலில் கால் வைத்ததும் கண் உன் கையிலும் வாயிலும் போய் நிற்கிறது. உன்னை வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான பத்தாம் நாள் முதல் தடவை பார்த்தேன், அன்றைக்கு ஆரம்பித்தது. புதுப்பெண்டாட்டியை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அந்த மாதிரிப் பார்க்க எனக்கு அந்தப் பத்து நாள்தான் கிடைத்தது.

இப்போது வலிப்பு இல்லை. சந்தோசம். கோவிலில் பொங்கல் வைத்தாயிற்று. ஆனால் என் வேலை போய்விட்டது கோமளா. பட்டறை வேலையைச் சொல்லவில்லை.

லீவு முடிந்ததும் ப்ரியாவைச் செங்கோடனோடு அனுப்பிவை. நீ உடம்பு தேறும் வரை அங்கேயே இரு. நீயாகக் கூப்பிடும் வரை நான் மேட்டுப்பாளையம் வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. வந்தால் பார்த்துவிடுவேன், அதனால்தான்.

நஞ்சப்பன்


மேட்டுப்பாளையம்
21.6.1996

அன்புள்ள மாமா,

ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று நான் கோயமுத்தூர் வந்தேன். தனியாக. அம்மா பாக்கு உரிக்க மண்டிக்குப் போனதும் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தலையில் முடி இன்னும் குட்டைதான், முக்காடு போட்டுக்கொண்டேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. காரமடை வரைக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன், துடியலூரில்தான் கையை எடுத்தேன். காந்திபுரத்தில் இறங்கி ஒரு காப்பி குடித்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஊரில் இத்தனை பேர் இப்படித்தான் நடக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் டவுன் பஸ் பிடித்துக் கணபதி வந்து சத்தி ரோட்டில் பேக்கரி முன்னால் இறங்கினேன்.

எதிர்ப்பக்கம் பட்டறையில் நீங்கள் இருந்தீர்கள்.

குனிந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். யாரோ வந்து என்னவோ சொன்னார், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். சத்தமில்லாத சிரிப்பில்லை, வாய் நிறையச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை மாமா. நான் இருந்தால் பாதியில் நிறுத்தி என்னைப் பார்ப்பீர்கள், நான் நன்றாக இருக்கிறேனா என்று. காதுக்கு மேலே நரைத்திருக்கிறது. நெற்றியில் கோடு விழுந்திருக்கிறது. எப்போது விழுந்தது? இத்தனை வருசம் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், நான் உங்களைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தால் உங்கள் முகத்தில் எப்போதும் என் வியாதிதான் இருக்கும். நேற்றுத்தான் பயம் இல்லாத உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் அழகாக இருக்கிறீர்கள்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கம்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பீர்கள், முகம் மாறியிருக்கும். இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, சொந்தப் புருசனைத் திருட்டுத்தனமாகப் பார்க்க இப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பேக்கரிக்காரர் "ஏனுங்கம்மா, என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதுகொண்டு தேங்காய் பன் தின்றேன்.

திட்டுவதென்றால் திட்டுங்கள். நேரில் வந்து திட்ட வேண்டாம், எழுதுங்கள். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்.

கோமளா


கணபதி
25.6.1996

கோமளா,

படித்தேன். நான்கு தடவை.

வியாழக்கிழமை என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சூலூர்க்காரர் ஒருவர் வந்து மோட்டாருக்குள் ஓணான் புகுந்த கதையைச் சொன்னார், அதற்குச் சிரித்தேன். எதிர்ப்பக்கம் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டு வருசம் கண்ணை எடுக்காதவன், நீ தனியாக வந்து நின்ற அன்றைக்குப் பார்க்கவில்லை. முதலில் பயம்தான் வந்தது. பஸ்ஸில் ஏதாவது ஆகியிருந்தால் என்று. அப்புறம்தான் ஒன்றும் ஆகவில்லை என்பது மண்டையில் ஏறியது.

நேற்று ரோட்டைத் தாண்டிப் போய்ப் பேக்கரி முன்னால் நின்று பட்டறையைப் பார்த்தேன். என் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. நீ எங்கே நின்றிருப்பாய், எவ்வளவு தெரிந்திருக்கும் என்று இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளி நின்று பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ப்ரியா "ஏனுங்கப்பா, நம்ம பட்டறையவே எதுக்குங்க பார்த்துட்டு நிக்கறீங்க?" என்றாள். உங்கம்மா பார்த்தாளாம், அதுதான் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரமாட்டேன். செங்கோடனையும் அனுப்பமாட்டேன். என்றைக்கு வருகிறாய் என்று எழுதாதே, தெரிந்தால் விடியும் முன்பே மேட்டுப்பாளையத்தில் நிற்பேன். சத்தி ரோட்டில் இப்போது லாரி அதிகம் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

தினமும் தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பேன். நீ வேண்டும் மட்டும் நின்று பார். பார்த்து முடித்ததும் பஸ் ஏறிவிடாதே. அங்கிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, எனக்குக் கேட்கும். நான் ஓடி வரமாட்டேன். நீயே ரோட்டைத் தாண்டி வா.

நஞ்சப்பன்